உன் ஆய்வுகூடமும் அம்மாவின் கொழுந்துத் தண்ணியும்

அன்புள்ள பாப்பா,

நீ விமானம் ஏறுவதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. உன்னிடம் நேரில் பேச வேண்டும் என்றுதான் போன வாரம் நீ கண்டிக்குத் திரும்பும்போது கொட்டகலை ஸ்டேஷன் வரைக்கும் கூடவே வந்தேன். ரயில் தாமதம் என்றார்கள். பேசுவதற்கு வேண்டிய நேரம் இருந்தது. ஆனால் நான் என்ன பேசினேன்? ஸ்வெட்டர் எடுத்து வைத்தாயா, அந்த ஊரில் சோறு கிடைக்குமா, பெட்டிக்குப் பூட்டு வாங்கினாயா என்று இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீயும் எல்லாவற்றுக்கும் "சரிப்பா, சரிப்பா" என்றாய். ரயில் நகர்ந்த பிறகு, கேட்க நினைத்த எதையும் கேட்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. அதனால் எழுதுகிறேன். எழுதினால் மனதுக்குள் கிடப்பது ஒழுங்காகும் என்று நினைத்தேன். இது மூன்றாவது தாள். இன்னும் ஒழுங்காகவில்லை. முதல் இரண்டையும் அம்மா அடுப்பு மூட்ட எடுத்துவிட்டாள்.

நீ என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் நேராகப் பதில் சொல்ல வராது. நீ கம்பஸ் முடித்துக் கண்டியில் ஆய்வுகூடத்தில் சேர்ந்த புதிதில், காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் நிற்கும்போது, வேலை பிரித்துக் கொடுக்கிற கண்டாக்கையா கேட்டார்: "என்னப்பா, மக டொக்டராயிருச்சாமே?" நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையை ஒரு மாதிரி ஆட்டிவைத்தேன். அன்று பின்னேரமே மேல் லயத்து வீடுகளிலிருந்து ஒருவர் முழங்கால் வலிக்கு மருந்து எழுதித் தரச் சொல்லி வந்துவிட்டார். அதற்குப் பிறகு, "டொக்டர் இல்ல, மருந்து கண்டுபிடிக்கிற வேலை" என்று மாற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அதுவும் பிழை என்று பிறகுதான் தெரிந்தது. எந்த வியாதிக்கு மருந்து என்று கேட்டால் சொல்ல எனக்குக் கூச்சம். தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி ஓட்டுகிறவன் நான். பெண்கள் சமாசாரத்தை எப்படி நாலு பேருக்கு நடுவில் சொல்வது?

தீபாவளிக்கு வந்தபோது அடுப்படியில் உட்கார்ந்து நீதான் முதன்முதலில் விவரமாகச் சொன்னாய். கர்ப்பப்பையில் வருகிற கட்டி பற்றியது உன் வேலை. அது புற்றுநோய் இல்லை, ஆனாலும் பெண்களைப் படாத பாடு படுத்தும். ஒப்பரேஷன் செய்து எடுத்த கட்டியில் ஒரு துண்டு உங்கள் ஆய்வுகூடத்துக்கு வரும். அதைப் பொடியாக வெட்டி, சின்னச் சின்னத் தட்டுகளில், கண்ணுக்குத் தெரியாத அதன் உயிர்க் கலங்களை வளர்ப்பீர்கள். வளர்ந்ததும் மேலே ஒவ்வொரு மருந்தாகப் போட்டு, பெருகுகிறதா, அடங்குகிறதா என்று பார்ப்பீர்கள். இவ்வளவையும் நீ முறுக்குக் கடித்துக்கொண்டே சொன்னாய். "எல்லாப் பொம்பளைங்களும் கர்ப்பப்பையையே எடுத்துப் போடாம, மருந்தாலேயே சரி பண்ண முடியுமான்னு பாக்குறோம்பா" என்றாய். நான் லொறி டயரைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து வெளியே போய்விட்டேன். டயர் நன்றாகத்தான் இருந்தது. அம்மா எழுந்து வரவில்லை. உன் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகள் பேசுகிற அழகைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் தனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

எனக்கு ஒன்றுமே தெரியாமல் இருந்தது என்றும் சொல்ல முடியாது. மலையில் கொழுந்து எடுக்கும்போது அவள் பாதியில் இறங்கி வீட்டுக்கு வந்து போவதை லொறியிலிருந்து பார்த்திருக்கிறேன். இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குக்கு உள்ளே பழைய சேலைத் துணியை மடித்து மடித்து வைத்துக்கொண்டு போவாள். கேட்டால், "வயசாவுதில்ல, நிக்கப் போற நேரத்துல இப்படித்தான் போவும்" என்பாள். அப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். தீபாவளிக்குப் பிறகு அவளாகவே ஹட்டனுக்குப் போய் ஸ்கேன் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். கூடப் போனேன். ஒன்றில்லை, பல கட்டிகள், ஒன்று பெரியது, கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். இரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரையும் கொடுத்தார்கள். வருகிற வழியில் பஸ்ஸில் அவள் ஸ்கேன் தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது சொன்னாள்: "பாப்பாகிட்ட சொல்லாதீங்க. நான் பொதுவா கேக்குற மாதிரி கேக்குறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தாய். உனக்கு அன்று ஒரே சந்தோஷம். "அம்மா, இப்ப நாங்க என்னா பாக்குறோம்னு தெரியுமா? பச்சக் கொழுந்துலருந்து எடுக்கிற ஒரு சாமான். நீங்க கிள்ளுற அதே கொழுந்துதான்! அத போட்டா, தட்டுல இருக்கிற கட்டிக் கலம் வளர்றது கொறையுதும்மா" என்றாய். அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நீ "ஆனா" என்று தொடங்கி நிறையப் பேசினாய். அந்த "ஆனா"வுக்குப் பின்னால் நீ சொன்னதில் ஒரு சொல்கூட எங்கள் இரண்டு பேர் காதிலும் விழவில்லை. போனை வைத்ததும் அவள் கேட்டாள்: "ஏங்க, கேட்டீங்களா? இத்தன வருசமா நான் கூடையில போட்டுக் குடுத்ததுல இருக்காம் எனக்கு மருந்து."

மறுநாளிலிருந்து அவள் முந்தானையில் துளிர் முடிந்துகொண்டு வந்தாள். சட்டியில் போட்டு, தண்ணீர் கறுக்கும்வரைக்கும் கொதிக்க வைத்து, சீனி போடாமல் குடித்தாள். காலை, பகல், இரவு என்று மூன்று வேளையும் அதுதான். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு மாத்திரையையும் அந்தத் தண்ணியோடுதான் விழுங்கினாள். இரண்டும் மருந்துதானே, சேர்ந்து வேலை செய்யட்டும் என்று. குடிக்கும்போது முகம் சுளிக்கும், ஆனால் ஒரு வேளைகூட விடவில்லை. பக்கத்து வீட்டு ராணிக்கும் இதே உபத்திரவம். அவளும் ஒரு சட்டி வைத்தாள். ராணி சொல்லி, கடைசி வீட்டுப் பிள்ளையும் வைத்தது. தேயிலைத் தோட்டத்தில் தேத்தண்ணி கொதிப்பதை யார் பெரிதாக எடுக்கப் போகிறார்கள்? ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நிறுத்து என்று சொன்னால் மகளின் படிப்பையே நம்பாத அப்பனாகிவிடுவேன். குடி என்று சொல்லவும் வாய் வரவில்லை. உனக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்றால், "கட்டி கரைஞ்சதும் சொல்லுவோங்க, அது எவ்வளவு சந்தோசப்படும்" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொள்வாள். நான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லொறியை எடுக்கப் போய்விடுவேன்.

இப்படியே சில வாரம் போன பிறகு, ஒரு நாள் பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்தில்தான் அம்மா விழுந்தாள். கூடையைத் தராசில் கொடுத்துவிட்டுத் திரும்பியவள், அப்படியே மடிந்து உட்கார்ந்து சரிந்துவிட்டாள். உதட்டில் நிறமே இல்லை. பெண்கள் தூக்கி லொறியின் முன் சீட்டில் வைத்தார்கள். ராணி ஏறிப் பிடித்துக்கொண்டாள். பின்னால் கொழுந்து மூட்டைகள் அப்படியே இருந்தன. இறக்கிவிட்டுப் போ என்று கண்டாக்கையா சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்துவிட்டு, "நீ போப்பா, நான் பேசிக்கிறேன்" என்றார். அந்த வளைவுப் பாதையில் மூட்டைகளோடு டிக்கோயா ஆஸ்பத்திரி வரைக்கும் எப்படி ஓட்டினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. வழியில் அவள் ஒரு தடவை கண்ணைத் திறந்து, "கொழுந்து வாடிருமேங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் உடனே இரத்தம் ஏற்றினார்கள். அங்கிருந்த டொக்டர் சின்ன வயதுச் சிங்களப் பெண். உன் வயதுதான் இருக்கும். மாத்திரை கொடுத்தும் இரத்தம் ஏன் இவ்வளவு இறங்கியது, ஒழுங்காகக் குடித்தார்களா, எதோடு குடித்தார்கள் என்று சிங்களத்தில் கேட்டார். நான் சிங்களத்தில் பெருமையாகச் சொன்னேன்: கொழுந்துத் தண்ணியோடு, எங்கள் மகள் கண்டுபிடித்த மருந்து அது. அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். "எபா, எபா!" என்றார். வேண்டாம், வேண்டாம் என்று. பிறகு எனக்கு விளங்க வேண்டுமென்று தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, தேத்தண்ணி இரும்பு மாத்திர ஒடம்புல சேர விடாது. அவ்வளவு கடும் தேத்தண்ணி குடிச்சா, மாத்திர குடிச்சும் வேல இல்ல." இரத்தம் போனது கட்டியால்தான் என்றும், ஆனால் திரும்ப ஊறவிடாமல் தடுத்ததில் அந்தத் தண்ணிக்கும் பங்கு இருக்கலாம் என்றும் சொன்னார். நான் வெளியே வந்து லொறிக்குப் பக்கத்தில் நின்றேன். மூட்டைக்குள் கொழுந்து சூடேறி வாசம் அடித்தது. காலமெல்லாம் என் சட்டையில் இருக்கிற வாசம்தான். அன்றைக்கு அது எனக்குப் பிடிக்கவில்லை.

நீ மறுநாள் காலையிலேயே வந்துவிட்டாய். அந்த வார்டில் நடந்தது உனக்கு மறந்திருக்காது. ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். நீ கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்றாய்.

"நீ சொன்ன மருந்ததான் பாப்பா குடிச்சேன்."

"நான் சொன்னது தட்டுல, அம்மா. ஒடம்புல இல்ல."

"தட்டுல கேக்குற கட்டி வயித்துல கேக்காதா?"

நீ இரத்தம் ஏறுகிற குழாயைப் பார்த்தாய். பிறகு, "தெரியாதும்மா" என்றாய்.

"தெரியாதா?"

"தெரியாது. நீங்க குடிக்கிறது வயித்துக்குப் போயி, ரெத்தத்துல கலந்து, அந்தக் கட்டி வரைக்கும் எவ்வளவு போய்ச் சேருதுன்னு எங்களுக்கு இன்னும் சரியா தெரியாது. அதத்தான் தேடிக்கிட்டு இருக்கோம். நாங்க போடுறது சுத்தப்படுத்தி எடுத்த சாமான். அளவு வேற. கொதிக்கவச்ச தண்ணி அது இல்லம்மா."

அம்மாவுக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். இரத்தம் ஏறிக்கொண்டிருந்த கையைத் தூக்கி, "தெரியாதத எதுக்குடி எங்கிட்ட சொன்ன?" என்று கேட்டுவிட்டாள். நீ பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாய். எனக்கு யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. அவள் கேட்டது சரி. நீ சொன்னதும் சரி. நீ போனில் சொன்ன அந்த "ஆனா" என் காதிலும் விழவில்லையே. இரண்டு பேருக்கும் நடுவில் கையில் தேத்தண்ணிப் போத்தலோடு நான் நின்றேன். அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

நீ ஒன்று செய்தாய். அதை அம்மாவிடம் நான் பிறகுதான் சொன்னேன். அன்றைக்குப் பின்னேரம் என்னோடு தோட்டத்துக்கு வந்து, ராணி வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் நீயே போனாய். ராணியின் அடுப்பில் அப்போதும் சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. "அக்கா, இது மருந்து இல்ல. இத நிறுத்திட்டு கிளினிக்குக்குப் போங்க. மாத்திரையும் தேத்தண்ணியும் ஒண்ணா குடிக்காதீங்க" என்றாய். ராணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "அப்ப நீ மருந்து கண்டுபிடிக்கிறன்னு உங்கப்பா தோட்டம் பூரா சொன்னது பொய்யா?" என்று கேட்டாள். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. நீ தலை குனியவில்லை. "இன்னும் கண்டுபிடிக்கலக்கா. தேடுறோம். வெளிநாட்டுல சில மருந்து வந்திருக்கு, ஒங்களுக்குச் சரிவருமான்னு டொக்டர்கிட்ட கேளுங்க. நான் தேடுறது இன்னும் கைக்கு வரல" என்றாய். ராணி சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "அப்ப நாளைக்கு வேலைக்கு வரலேன்னு கண்டாக்குகிட்ட சொல்லணும்" என்றாள். கிளினிக்குக்குப் போகத்தான் அப்படிச் சொல்கிறாள் என்பது எனக்கு விளங்கக் கொஞ்ச நேரமானது.

இரத்தம் கூடியதும் அம்மாவைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒப்பரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால் அவள் உன்னைக் கூப்பிட்டு, "எடுத்த பின்னாடி அத என்னா செய்வாங்க?" என்று கேட்டாள். சோதித்துப் பார்த்துவிட்டு அழித்துவிடுவார்கள் என்றாய். "அப்ப ஒரு துண்டு ஒன் லெப்புக்கு எடுத்துக்க." நீ முடியாது என்றாய். அதற்கு அனுமதி வேண்டும், ஆய்வுகூடத்து மெடத்திடம் கேட்க வேண்டும், சொந்த அம்மாவுடையதை வைத்து என்னால் வேலை செய்ய முடியாது என்று என்னென்னவோ சொன்னாய். அவள் விடவில்லை. "யாரோ பெத்தவ குடுத்ததத்தானே இத்தன நாளா வெட்டுன? நான் குடுத்தா மட்டும் கை கூசுதா?" என்றாள். நீ எழுந்து போய் மெடத்துக்குப் போன் போட்டாய். உங்கள் மெடம் முறைப்படி அனுமதி எடுத்துக் கொடுத்தார். உன் கூட்டாளி ஒருத்திதான் தொடக்கத்தில் அதைப் பார்த்துக்கொள்வாள் என்று ஏற்பாடு.

ஒப்பரேஷன் முடிந்து, பெரிய டொக்டர் என்னையும் உன்னையும் கூப்பிட்டு, ஒரு தட்டத்தில் வைத்துக் காட்டினார். வெளிறிப்போய், உருண்டு திரண்டு, அவியாத கிழங்கு மாதிரிக் கெட்டியாக இருந்தது. அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து டயர் பார்க்கப் போன நான், குனிந்து நன்றாகப் பார்த்தேன். அதோடே வாழ்கிற நீ சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாய். தோள் குலுங்கியது. இது ஏன் இப்படித் தலைகீழாக நடந்தது என்று பல தடவை யோசித்துவிட்டேன். உனக்காவது தெரியுமா?

இப்போது அம்மா நன்றாக இருக்கிறாள். மலைக்குப் போகிறாள், பாரம் மட்டும் நான் தூக்குகிறேன். ஆனால் என் குழப்பம் தீரவில்லை. அவள் உடம்பில் இல்லாத ஒன்று கண்டியில் உயிரோடு இருக்கிறது என்றால், அது அவளா, இல்லையா? கோயில் ஐயரிடம் கேட்கலாம் என்று வாசல் வரைக்கும் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு ஒரு நாள் நீ போன் எடுத்தாய். குரல் இறங்கியிருந்தது. "அம்மா, ஒங்க கட்டிக்கு அந்தக் கொழுந்துச் சாமான் போட்டுப் பாத்தோம். மத்தவங்களோடது மாதிரி இல்ல. அசையவே இல்லம்மா." நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் சிரித்தாள். "நான் சட்டி சட்டியா குடிச்சும் அசையாதது, ஒஞ் சொட்டுக்கா பாப்பா அசையப் போவுது?" என்றாள். அந்தப் பக்கம் நீயும் சிரித்த மாதிரி இருந்தது. மூக்கை உறிஞ்சிய மாதிரியும் இருந்தது. போன் வழியாக எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. மருந்து பலிக்கவில்லை என்பது கெட்ட செய்திதானே? பிறகு ஏன் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் மனம் லேசாக இருந்தது? "பலிக்கலேங்கிறதும் எங்களுக்கு ஒரு பதில்தாம்பா, ஏன் பலிக்கலன்னு இனிமே தேடணும்" என்றாய். அதைத் தேடத்தான் இப்போது கடல் தாண்டிப் போகிறாய் என்பது வரைக்கும் எனக்கு விளங்குகிறது.

அப்பன் என்று இருந்தால் புத்தி சொல்ல வேண்டும். எனக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. நீ போகிற இடத்திலும் எங்களைப் போன்ற ஆட்கள் இருப்பார்கள். உடம்பு நொந்து, யாராவது நல்ல வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பார்கள். அவர்களிடம் பேசும்போது அந்த "ஆனா"வை முதலில் சொல்லு. நல்ல செய்தியைப் பிறகு சொல்லு. நல்லதை முதலில் கேட்டுவிட்டால் காது அடைத்துவிடுகிறது, பாப்பா. அது படிக்காதவன் காது என்பதால் மட்டும் இல்லை. தெரியாது என்று சொல்ல நீ கூசாதே. ராணி வீட்டு வாசலில் நீ அதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இப்போது இல்லை. போன வாரம் கண்டாக்கையா மறுபடியும் கேட்டார், "மக வெளிநாடு போவுதாமே, என்னா வேல?" என்று. "பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பையில வர்ற கட்டிக்கு மருந்து தேடுது. இன்னும் கிடைக்கல" என்று, கூட்டத்துக்கு நடுவிலேயே சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கி, குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுலயும் அந்தத் தொல்லதான்" என்றார்.

கடைசியாக ஒன்று. ஸ்டேஷனில் கேட்க வந்தது இதைத்தான். அம்மாவுக்குக் கேட்க வெட்கம், என்னைக் கேட்கச் சொன்னாள். நீ இங்கே வந்து தங்குகிற நாட்களிலெல்லாம், அந்தக் கலங்களுக்குச் சாப்பாடு மாற்ற வேண்டும் என்று சொல்லி விடிந்ததும் புறப்பட்டுப் போவாய். கொஞ்ச நாளில் அந்த வேலையை உன் கூட்டாளியிடமிருந்து நீயே வாங்கிக்கொண்டாய் என்றும் சொன்னாய். இனி நீ இல்லாதபோது அம்மாவுடையதற்கு யார் சாப்பாடு போடுவார்கள்? அதைப் பார்த்துக்கொள்ளப் போகிற பிள்ளையின் பெயரையும் போன் நம்பரையும் அனுப்பிவிடு. நாங்கள் ஒன்றும் தொந்தரவு கொடுக்க மாட்டோம். எப்போதாவது போன் எடுத்து, நல்லா இருக்கா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உன் அப்பா